இருதயம் சொல்லும் கணக்கு

எங்கள் ஜில்லாவில் ஒரு மனிதருக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டால், அவருடைய உள்ளத்தில் இரண்டு சங்கல்பங்கள் உதயமாகின்றன. ஒன்று, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை இனிக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்பது. மற்றொன்று, வருகிற ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறிச் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசித்தே தீர்வது என்பது. முதல் சங்கல்பம் சாதாரணமாக ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. இரண்டாவது அப்படிப்பட்டதல்ல. வருஷம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேகத்தை ஒரே நாளில் மலைமேல் தூக்கிக்கொண்டு போகிற காரியம் அது. அதை எப்படியாவது நிறைவேற்றியே விடுகிறோம். அபாயமும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால் நானும் என் மைத்துனரும் அப்படிப் புறப்பட்டோம். எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயர் வேலை. என் மைத்துனருக்கு ஐம்பத்திரண்டு. சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் கணக்குப் பார்க்கிறவர். ஆக, இருவரும் கணக்குத் தெரிந்தவர்கள். இருவரும் உட்கார்ந்தே பிழைக்கிறவர்கள். எங்கள் இருவருக்கும் தெரியாத கணக்கு ஒன்று உண்டு என்பதைத் தாணிப்பாறைக்கு மேலே, சங்கிலிப் பாறையைக் கடந்த ஒரு திருப்பத்தில் தெரிந்துகொண்டோம்.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் மகள், முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தாள். நேரம் காட்டுவதோடு நில்லாமல், நிமிஷத்துக்கு எத்தனை தடவை இருதயம் துடிக்கிறது என்பதையும் காட்டும் கடிகாரம் அது. வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்திருக்கும்போது 78 என்று காட்டும். அன்றைக்கு மலைத் திருப்பத்தில் அதைப் பார்த்தேன். 171! எனக்கு வியர்வை ஒரு நிமிஷம் குளிர்ந்துவிட்டது.

பக்கத்தில் என் மைத்துனரும் நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், என்ன செய்கிறது?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை மாப்பிள்ளை. வாயுப் பிடிப்பு. மார்பிலே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்றார்.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணினேன். இருபத்தேழு. நான்கால் பெருக்கினால் 108. 'ஆகா! நமக்கு 171, இவருக்கு 108தான். இவருக்கு ஒரு குறைவும் இல்லை. கவலைப்பட வேண்டியது நம்மைப் பற்றித்தான்' என்று தீர்மானித்தேன். இருபது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் செய்த தீர்மானம் அது. அதைவிடத் தவறான தீர்மானத்தை நான் என் ஆயுளில் செய்ததில்லை.

நல்ல வேளையாக, பக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி என் மைத்துனரின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கடிகாரமும் இல்லை, கணக்கும் தெரியாது. "ராசா, உட்காரு. மேலே ஏறாதே. சாமி எங்கேயும் போயிட மாட்டாரு. அடுத்த வருசமும் இங்கேதான் இருப்பாரு. நீ இருக்கணும்ல!" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தால் திரும்பினோம். டோலிக்காரர்கள் என் மைத்துனரைக் கீழே கொண்டுவந்தார்கள். அன்று இரவே ஆஸ்பத்திரியில் அவருடைய இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு இடத்தில் அடைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்து அடைப்பை விரித்தார்கள். பிழைத்துக்கொண்டார். சில நாள் கழித்து என்னையும் ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். எனக்கு ஒரு கோளாறும் இல்லை.

171 துடித்த இருதயம் ஆரோக்கியமானது; 108 துடித்த இருதயம் ஆபத்தில் இருந்தது. இது எப்படி? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வைத்தியர்களைக் கேட்டும், புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நடுவயதில் மலை ஏறவும், ஓடவும், பந்தாடவும், தேர் இழுக்கவும் ஆசைப்படுகிற குடும்பஸ்தர்கள் எல்லாருக்கும் இது உபயோகப்படும் என்பது என் நம்பிக்கை.

ஓயாத தொழிலாளி

நிமிஷத்துக்கு 72 தடவை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு இருதயம் 1,03,680 தடவை துடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலைகள்கூடச் சில நாள் மூடுகின்றன. இந்த ஆலைக்கு மூடுவது என்பதே இல்லை. சும்மா இருக்கும்போது வயது வந்த ஒருவருக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம் வெளியேறுகிறது. ஆகவே நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர்.

மலை ஏறும்போது கால் சதைகள் அதிகப் பிராணவாயு கேட்கின்றன. அதைக் கொண்டுபோவது ரத்தம். ஆகவே ஐந்து லிட்டர் போதாது. பதினைந்து, இருபது லிட்டர் வேண்டும். இதற்கு இருதயத்திடம் இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளுவது ஒரு வழி. அடிக்கடி துடிப்பது மற்றொரு வழி. பயிற்சி உள்ளவனின் இருதயம் முதல் வழியில் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். அவன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 55, 60 என்று நிதானமாகத் துடிப்பதற்குக் காரணம் இதுதான். பயிற்சி இல்லாதவனின் இருதயம் இரண்டாவது வழியையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. நான்கு படி ஏறினாலே 'தடதட'வென்று அடித்துக்கொள்கிறது. மலைத் திருப்பத்தில் என் இருதயம் செய்தது இதைத்தான். அது வியாதியன்று, பழக்கமின்மை.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. தேகம் முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இருதயம், தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஓய்ந்திருக்கும் கணத்திலேதான் பெற்றுக்கொள்கிறது. துடிப்பு வேகமாக ஆக, இந்த ஓய்வுக் கணம் குறுகிப் போகிறது. வேலையோ அதிகம், சாப்பாட்டு நேரமோ குறைவு! குழாய்கள் சுத்தமாக இருக்கிற வரையில் இதனால் கெடுதல் இல்லை. குழாய்கள் விரிந்து கொடுத்துச் சமாளித்துவிடும். ஆனால் குழாயில் ஏற்கெனவே பாதி அடைத்துப் படிவு இருந்தால், இருதயச் சதை பட்டினி கிடக்கிறது. அந்தப் பட்டினிக் குரல்தான் மார்பில் யாரோ உட்கார்ந்திருக்கிற உணர்ச்சி. என் மைத்துனர் அதை வாயு என்றார். நம் தேசத்தில் எத்தனையோ பேர் அதை வாயு என்றே நினைத்துச் சோடா குடித்திருக்கிறார்கள்.

220இன் கதை

இருதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கலாம்? இதற்கு ஒரு பிரசித்தமான சூத்திரம் உண்டு. 220இலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். வருவதுதான் உங்கள் இருதயத்தின் உச்ச வேகம் என்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் இதை அட்டவணை போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் வயதுக்கு 173 வந்தது. 171 ஆனதும் நான் நடுங்கியதற்கு இதுவே காரணம்.

இந்தச் சூத்திரம் எப்படிப் பிறந்தது என்பதைக் கேட்டால் கணக்கு உபாத்தியாயர்கள் கொஞ்சம் வருத்தப்படுவார்கள். 1971இல் அமெரிக்காவில் பாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்னும் மூவர், அதற்கு முன் வெளியாகியிருந்த சில ஆராய்ச்சிகளின் எண்களை ஒரு படத்தில் குறித்துப் பார்த்தார்கள். புள்ளிகளின் ஊடே ஏறக்குறைய ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடுதான் 220 கழித்தல் வயது. எளிதாக மனத்தில் நிற்கிற சூத்திரமாகையால் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

2001இல் தனாகா என்பவரும் அவருடைய சகாக்களும் 351 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்டு வேறு சூத்திரம் தந்தார்கள். வயதை 0.7ஆல் பெருக்கி, அதை 208இலிருந்து கழிக்க வேண்டும். நாற்பத்தேழு வயதுக்கு இது 175 ஆகிறது. இரண்டு சூத்திரங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அறுபது வயதில் பழைய கணக்கு 160 என்றால் புதிய கணக்கு 166 என்கிறது. வயதானவர்களைப் பழைய சூத்திரம் சற்றுக் குறைவாகவே மதிப்பிடுகிறது.

எந்தச் சூத்திரமானாலும் அது சராசரிதான் என்பதை மறக்கலாகாது. ஒரே வயதுள்ள மூன்று பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஒருவருக்காவது உண்மையான உச்சம் சூத்திரத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியோ குறைந்தோ இருக்கக்கூடும். நாற்பத்தேழு வயதில் ஒருவருக்கு 160 உச்சமாயிருக்கும். மற்றொருவருக்கு 188கூட உச்சமாயிருக்கும். வகுப்பின் சராசரி மதிப்பெண் ஐம்பது என்பதற்காக எந்தப் பையனும் ஐம்பதுதான் வாங்கியிருப்பான் என்று சொல்லலாமா? அதே மாதிரிதான் இதுவும்.

இன்னும் ஒரு விஷயம். பயிற்சியினால் இருதயத்தின் பலம் கூடும். ஓய்வு நேரத் துடிப்பு குறையும். உச்ச வேகம் மட்டும் கூடாது. வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே போகும். இருதயத்திலேயே தாளம் போடும் சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. வயதாக ஆக அந்தத் தாளக்காரன் நிதானித்துவிடுகிறான். அதைப் பற்றி விசனப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

எவ்வளவு வேகம் நல்லது?

உச்சத்தில் 64 முதல் 76 சதவிகிதம் வரை துடித்தால் அது மிதமான பயிற்சி. 77 முதல் 93 சதவிகிதம் வரை என்றால் கடுமையான பயிற்சி. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு உச்சம் 175 என்று கொண்டால், 112 முதல் 133 வரை மிதம். 135 முதல் 163 வரை கடுமை.

பின்லாந்து தேசத்து விஞ்ஞானி கார்வோனென் 1957இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பிறந்த முறை இதைவிட நுட்பமானது. உச்சத்திலிருந்து ஓய்வு நேரத் துடிப்பைக் கழித்தால் கையிருப்பு வருகிறது. எனக்கு உச்சம் 173, ஓய்வில் 78, கையிருப்பு 95. இதில் நாற்பது சதவிகிதம் 38. அதை 78உடன் கூட்டினால் 116. அறுபது சதவிகிதம் 57, கூட்டினால் 135. ஆகவே எனக்கு 116இலிருந்து 135 வரை மிதமான பயிற்சி. அதற்கு மேலே கடுமையானது. கையில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பார்த்துச் செலவு செய்கிற குடும்பஸ்தனுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

கடிகாரமும் காகிதமும் இல்லாதவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட எளிய வழி இருக்கிறது. நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் பயிற்சி மிதமானது. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமையானது. ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை என்றால் நின்றுவிட வேண்டியதுதான்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடுமையான பயிற்சி போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் கூறியிருக்கிறது. நாள்தோறும் அரை மணி வேகமான நடை என்றால் வாரத்தில் ஐந்து நாளில் இந்தக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. இதற்காகவே தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டம் தொடங்கி, ஜில்லாதோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள்.

108இன் மர்மம்

இப்போது என் மைத்துனரின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ஏன் 108க்கு மேல் ஏறவில்லை? காரணம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. ரத்தக் கொதிப்புக்காக அவர் தினமும் மெட்டோபுரோலால் என்னும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். அட்டெனோலால் முதலிய அந்த வகை மருந்துகள், எவ்வளவு உழைத்தாலும் இருதயத்தை வேகமாகத் துடிக்க விடாமல் கடிவாளம் போடுகின்றன. இருதயத்துக்கு நன்மை செய்யும் மருந்துகளே அவை. ஆனால் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு 220 கணக்கும் பொருந்தாது, 208 கணக்கும் பொருந்தாது. 108 என்பது அவருக்குக் கடுமையான வேகம். அதையும் தாங்க முடியாமல் அவருடைய குழாய்கள் அடைத்திருந்தன. இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது அதைவிடப் பெரிய அபாயம். எந்த வேகம் தமக்கு ஏற்றது என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே எண் என்பது ஒரு சாட்சி, நீதிபதி அல்ல. தேகம் சொல்லும் சாட்சியத்தை முதலில் கேட்க வேண்டும். மார்பில் பாரம் அல்லது இறுக்கம், அந்த நோவு இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, தலைச் சுற்றல், துடிப்பு தாளம் தப்புதல் ஆகிய இவற்றில் ஒன்று வந்தாலும் கடிகாரம் 90 காட்டினாலும் சரி, 190 காட்டினாலும் சரி, உட்கார வேண்டும். உதவிக்குக் கூப்பிட வேண்டும். பெண்களுக்கு மார்பு வலியே இல்லாமல் அசாத்தியக் களைப்பும் மூச்சு வாங்கலும் குமட்டலும் மட்டுமே வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். 'அடுப்படியிலே நின்று நின்று வந்த அசதி' என்று பெண்கள் சொல்லும்போது வீட்டில் இருக்கிற ஆண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

தென்னாசிய மக்களாகிய நமக்கு இதில் விசேஷ ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. 2007இல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆராய்ச்சியின்படி, நம் பிரதேசத்து ஜனங்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றத் தேசத்தாருக்கு ஏறக்குறைய 59. அவர்களைவிட ஆறு வருஷம் முந்திக்கொள்கிறோம். முந்திக்கொள்ள வேறு எவ்வளவோ காரியங்கள் இல்லையா?

வருஷத்துக்கு ஒரு நாள் வீரர்கள்

மலை ஏறும் வழியில் பக்தர் மாரடைப்பால் இறந்தார் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கோயம்புத்தூர் வெள்ளியங்கிரி மலையில் 2024ஆம் வருஷப் பருவத்தில் பலர் இவ்வாறு உயிர் இழந்தார்கள். சபரிமலைப் பாதையில் நீலிமலை, அப்பாச்சிமேடு முதலிய ஏற்றங்களில் பிராணவாயுவும் வைத்தியர்களும் வைத்துக் காத்திருப்பது இதற்காகத்தான். மலை மட்டுமல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடத்தைப் பிடித்து மூச்சை அடக்கி இழுக்கிறோமே, அதுவும் கடுமையான உழைப்புத்தான். மூச்சை அடக்கிப் பளு இழுக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று உயர்ந்துவிடுகிறது.

அப்படியானால் கடுமையான பயிற்சியே கூடாதா? இதற்கு 1993இல் அமெரிக்காவில் மிட்டில்மன் முதலியவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாகப் பதில் சொல்கிறது. மாரடைப்பு வந்த 1,228 பேரை விசாரித்தார்கள். கடுமையாக உழைத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் அபாயம், மற்றச் சமயங்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய ஆறு மடங்கு என்று தெரிந்தது. ஆனால் இந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஆச்சரியம் வெளிப்பட்டது. வாரத்துக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ கடுமையான பயிற்சி செய்து பழகியவர்களுக்கு அபாயம் 2.4 மடங்குதான். வாரத்துக்கு ஒரு தடவைகூடச் செய்யாதவர்களுக்கோ 107 மடங்கு! ஒரு தனி மனிதருக்கு ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் உள்ள அபாயம் மிகச் சிறியதே; அதைப் பெருக்கினாலும் பெரும்பாலோர் பத்திரமாகவே திரும்புகிறார்கள். இருந்தாலும் 2.4க்கும் 107க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கொல்வது மலை அல்ல. முந்நூற்று அறுபத்துநான்கு நாள் நாற்காலி.

1930ஆம் வருஷத்தை நினைத்துக்கொள்ளலாம். மகாத்மா காந்திக்கு அப்போது வயது அறுபது. சபர்மதியிலிருந்து தண்டி வரை சுமார் 240 மைலை 24 நாளில் நடந்தார். ராஜாஜிக்கு வயது ஐம்பத்தொன்று. ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். வகுத்துப் பாருங்கள். இரண்டு யாத்திரைகளிலும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறையப் பத்து மைல்தான் வருகிறது. ஒரே நாளில் ஐம்பது மைல் ஓடிக் காட்டவேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அளந்து நடந்தார்கள், இடையிடையே தங்கினார்கள், மறுநாளும் நடந்தார்கள். காந்தியடிகளோ இளமை தொட்டு நடையைத் தினசரி விரதமாகக் கொண்டிருந்தவர். அவருக்குத் தண்டி யாத்திரை தேகத்துக்குப் புதிய காரியம் அல்ல.

எதிர் உதாரணமும் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஜிம் பிக்ஸ் என்பவர் 1977இல் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக் கணக்கானவர்களை ஓட வைத்தது. அவரே 1984இல் ஓடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பால் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. 'ஓட்டம் கொன்றுவிட்டது' என்று பலர் பேசினார்கள். ஆனால் அவருடைய தகப்பனார் நாற்பத்துமூன்றாம் வயதிலேயே இருதய நோயால் இறந்தவர். இவரும் முப்பத்தைந்து வயது வரையில் பருமனாக இருந்து, சிகரெட்டும் ஏராளமாகப் பிடித்தவர். பயிற்சி பழைய கடன்களைக் குறைக்கும். முழுவதும் ரத்து செய்துவிடாது. ஆகையால் குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு மிகுதி, புகைப் பழக்கம் உள்ளவர்கள் கடுமையான பயிற்சியைத் தொடங்கு முன் வைத்தியரைப் பார்த்துவிடுவதே விவேகம். 1963 முதல் புரூஸ் என்பவரின் பெயரால் வழங்கும் நடைப் பட்டைச் சோதனையில், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வேகத்தையும் சரிவையும் கூட்டி இருதயத்தின் போக்கைக் கவனிக்கிறார்கள். இப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பெரிய பட்டணம் போக வேண்டியிருந்த எங்கள் ஜில்லாவுக்கு, 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர் வெயில்

கந்தக பூமியாகிய எங்கள் பக்கத்தில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மழை குறைவு, வெயில் அதிகம் என்பதனாலேதான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்தன. பட்டாசுக்கு நல்லதெல்லாம் இருதயத்துக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை. வெயிலில் உழைக்கும்போது, சூட்டைத் தணிப்பதற்காகத் தேகம் தோலுக்கும் ரத்தம் அனுப்புகிறது. வியர்வையினால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஆகவே அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு மட்டும் பத்து, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போகும். காலையில் 120இல் முடிகிற நடை, நண்பகலில் 135 ஆகிவிடும். பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுவது வழக்கம். நம் நடையும் ஓட்டமும் அப்படியே விடியற்காலையில் முடிந்துவிட வேண்டும். தண்ணீரைத் தாகம் எடுப்பதற்கு முன்பே குடித்து வரவேண்டும்.

திரியைக் கொளுத்திய உடனே வெடிப்பது வெடிக்கு அழகாக இருக்கலாம், இருதயத்துக்கு அழகல்ல. முதல் பத்து நிமிஷம் மெதுவாக நடந்து தேகத்தைச் சூடேற்ற வேண்டும். முடிக்கும்போதும் சட்டென்று நின்றுவிடாமல் ஐந்து நிமிஷமாவது மெள்ள நடக்க வேண்டும். திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தங்கிவிட்டு மயக்கம் வரும்.

நின்ற பிறகும் இருதயம் ஒரு சேதி சொல்கிறது. கடும் உழைப்பு முடிந்த முதல் நிமிஷத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 150இல் நிறுத்தி, ஒரு நிமிஷம் கழித்து 125 ஆனால் சந்தோஷம். சோதனைப் பட்டையில் முதல் நிமிஷத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மரண அபாயம் அதிகம் என்று 1999இல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. பல நாள் பார்த்தும் உங்கள் எண் இறங்க மறுத்தால் வைத்தியரிடம் சொல்லலாம். பயிற்சி பழகப் பழக இந்த இறக்கம் வேகமாவதை நீங்களே காண்பீர்கள்.

நாடி பார்ப்பதும் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கலை. மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம், மற்றொரு கையின் நடு மூன்று விரல்களை மெதுவாக வைக்க வேண்டும். கட்டை விரலால் பார்க்கக் கூடாது. அதற்கே துடிப்பு உண்டாகையால் கணக்குக் குழம்பும். நின்ற உடனே பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். தாமதித்தால் எண் இறங்கிவிடும். கைக்கடிகாரங்கள் தோலுக்குள் பச்சை வெளிச்சம் செலுத்தி ரத்தத்தின் அலையை அளக்கின்றன. அவை பொதுவாகச் சரியாகவே சொன்னாலும், பட்டை தளர்ந்திருந்தாலும் கை அதிகமாக ஆடினாலும் தவறிவிடுவதுண்டு. சில சமயம் காலடிகளை எண்ணிவிட்டு அதையே இருதயத் துடிப்பு என்றும் சாதித்துவிடும்.

கடைசியாக ஒன்று. யாராவது பிரக்ஞை இழந்து விழுந்து, மூச்சும் பேச்சும் இல்லாவிட்டால், 108க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நடு மார்பில் இரு கைகளையும் சேர்த்து வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்ந்துபோன இருதயத்துக்கு வேண்டிய தாளத்தை அப்போது நம் கைகள் போடுகின்றன.

என் மைத்துனர் இப்போது சௌக்கியமாக இருக்கிறார். வைத்தியர் சொன்னபடி முதலில் தெருக்கோடி வரை நடந்தார்; பிறகு பஸ் நிலையம் வரை; இப்போது தினமும் நாற்பது நிமிஷம் நடக்கிறார். அவருடைய மருந்துக்கும் சோதனைக்கும் ஏற்ப 105க்கு மேல் போகவேண்டாம் என்று வைத்தியர் அளவு குறித்துக் கொடுத்திருக்கிறார். நானும் கூடவே நடக்கிறேன். ஈஸிசேரில் 78 காட்டிய என் கடிகாரம் இப்போது 66 காட்டுகிறது.

சென்ற மாதம் ஒரு நாள் காலை, மேற்கே மலைத்தொடர் தெளிவாகத் தெரிந்தது. என் மைத்துனர் சற்று நின்று அதைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பாட்டியை மறுபடியும் பார்க்க முடியுமா?" என்றார்.

"எதற்கு மச்சான்?"

"நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான்."

வைத்தியர் இன்னும் மலைக்கு உத்தரவு கொடுக்கவில்லை. கொடுக்கும்போது போவோம். கொடுக்காவிட்டால் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு வருவோம். சாமி எங்கேயும் போய்விட மாட்டார்.